நலிந்துவரும் நேயர் வானொலியின் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கலாமா?

இரவு_நேயர்:

விளம்பரம் எதுவும் இல்லாமல், நேயர்கள் தரும் பணத்தில் மட்டுமே நடக்கும் ஒரு வானொலிக்கு நான் பதினான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டாம். முன்பு ஆண்டுக்கு மூன்று முறை நடந்த நிதி திரட்டல் இப்போது ஐந்து முறை நடக்கிறது; ஒவ்வொரு முறையும் இலக்கை எட்டவில்லை என்று சொல்லி மேலும் சில நாட்கள் நீட்டிக்கிறார்கள். சம்பளம் பெறும் ஊழியர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவிட்டார்கள். ஒலிபரப்புக் கருவி பழுதாகி இரண்டு நாள் முழுவதும் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்ததும் உண்டு.

இந்த ஆண்டு நிர்வாகக் குழுவுக்கு வேட்புமனு கோரியிருக்கிறார்கள். உறுப்பினர்கள் 15 பேரின் கையொப்பமும், 500 சொற்களுக்கு மிகாத ஓர் அறிக்கையும் இருந்தால் யாரும் நிற்கலாம். எனக்குக் கணக்கியலிலும் அனுபவம் இல்லை, ஒலிபரப்பிலும் இல்லை. உண்டென்றால் ஆர்வம் மட்டும்தான். இப்படிப்பட்ட குழுக்களில் இருந்தவர்களோ, அவற்றைக் கவனித்தவர்களோ இங்கு இருந்தால், நிற்பதற்கு முன் நான் அறிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய_பொருளாளர்:

இதைப் போன்ற ஒரு நிலையத்தில் ஆறு ஆண்டுகள் குழுவில் இருந்தேன். அவற்றில் நான்கு ஆண்டுகள் பொருளாளர். உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்.

நிர்வாகக் குழு நிகழ்ச்சிகளை நடத்துவதில்லை. எந்த நேரத்தில் எது ஒலிபரப்பாக வேண்டும் என்பது நிலைய மேலாளரும் நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் முடிவு செய்ய வேண்டியது. வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் தருவது, தணிக்கை உரிய காலத்தில் முடிகிறதா என்று பார்ப்பது, மேலாளரை அமர்த்துவது அல்லது அதற்குப் பரிந்துரைப்பது, அரசு தந்த ஒலிபரப்பு உரிமத்துக்கு ஆபத்து வராமல் காப்பது, இவற்றோடு பணம் திரட்டுவது ஆகியவையே குழுவின் வேலை. கடைசியாகச் சொன்னதைத்தான் வேட்பாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மற்றவர்களிடம் போய்ப் பணம் கேட்கக் கூச்சப்படுபவர் இந்தப் பொறுப்புக்கு வராமல் இருப்பது அவருக்கும் நல்லது, நிலையத்துக்கும் நல்லது.

மனுத் தாக்கல் செய்வதற்கு முன் சில ஆவணங்களைக் கேட்டுப் படியுங்கள். கடைசியாகத் தணிக்கை முடிந்த ஆண்டு எது என்பது முதல் கேள்வி. அது மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தால், நிலையத்தின் இன்றைய நிலையை உள்ளே இருப்பவர்களும் அறிய மாட்டார்கள். அடுத்து, சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குக் கட்டப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். பணமுடை வரும்போது அந்தத் தொகையை எடுத்து வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எல்லா நிலையங்களிலும் தலைகாட்டும். அமெரிக்க வரிச் சட்டப்படி, அப்படி முடிவெடுத்தவர்களிடமே அந்த வரியை வசூலிக்க முடியும். ஊதியம் வாங்காத குழு உறுப்பினருக்குப் பொதுவாக விலக்கு உண்டு என்றாலும், நிதி முடிவுகளில் நேரடியாகக் கையிட்டவருக்கு அது பொருந்தாது. குழு உறுப்பினர்கள் மீது வழக்கு வந்தால் காக்கும் இயக்குநர் பொறுப்புக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் உடன் கேட்டுவிடுங்கள். பணமில்லாத நிலையங்கள் முதலில் கட்டாமல் விடுவது அந்தத் தவணையைத்தான்.

நான் சேர்ந்த முதல் ஆண்டிலேயே எனக்கு ஒன்று தெரியவந்தது. புதிய ஒலிபரப்புக் கருவிக்கென்று நேயர்கள் கொடுத்த தொகை தனிக் கணக்கில் இருப்பதாகக் குழு நம்பிக்கொண்டிருந்தது. தனிக் கணக்கு என்று ஒன்று இருக்கவே இல்லை. அந்தப் பணம் எட்டு மாதங்களுக்கு முன்பே சம்பளமாகப் போய்விட்டது. யாரும் திருடவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தை வேறொன்றுக்குச் செலவிடக் கூடாது என்பது சட்டம் என்பதே குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வாக்கு_எண்ணி:

பொருளாளர் சொன்னவற்றோடு தேர்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேயர்களே குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பசிஃபிகா அறக்கட்டளை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 24 பேர் கொண்ட உள்ளூர்க் குழு; 18 இடங்கள் நேயர்களுக்கு, 6 இடங்கள் ஊழியர்களுக்கு. ஆண்டுக்கு 25 டாலர் கொடுத்தவரோ மூன்று மணி நேரம் தன்னார்வமாக உழைத்தவரோ உறுப்பினர் ஆகலாம். உங்கள் நிலையத்தின் 15 கையொப்ப விதியும் அங்கே இருப்பதுதான்.

வாக்களிப்பு ஒற்றை மாற்று வாக்கு முறைப்படி நடக்கிறது. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையிட்டு வாக்களிக்கிறார்களே, அதே முறை. ஒன்பது இடங்களுக்கு 1500 பேர் வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1500-ஐ, இடங்களைவிட ஒன்று அதிகமான பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 151. அத்தனை வாக்கு பெற்றவர் வென்றவர். ஆகவே எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. 151 பேர் உங்களை முதலிடத்திலோ, தங்கள் முதல் விருப்பம் கழிந்தபின் அடுத்த இடத்திலோ எழுதினால் போதும். இதனால்தான் அணிகள் உருவாகின்றன. ஒன்பது பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, வரிசை எண்ணோடு அச்சிட்ட பட்டியலை நேயர்களிடம் கொடுப்பார்கள். தனியாக நிற்பவர், அணிகளுக்கு வாக்களிப்பவர்களின் மூன்றாவது நான்காவது விருப்பத்தில் இடம் பிடிப்பதற்காவது முயல வேண்டும். அப்படியென்றால் எந்த அணியையும் தூற்றாமல் எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பசிஃபிகாவில் நேயர் உறுப்பினர்களில் பத்து விழுக்காட்டினராவது வாக்களிக்காவிட்டால் அந்தத் தேர்தல் செல்லாது. சந்தா கட்டுபவர்களில் பத்தில் ஒருவரை வாக்களிக்க வைப்பதே பெரும்பாடு என்பது இதிலிருந்தே விளங்கும். உங்கள் போட்டி எதிர் வேட்பாளரோடு அல்ல, பிரிக்கப்படாமல் கிடக்கும் வாக்குச்சீட்டு உறையோடு.

ஒலிவாங்கி:

நான் சம்பளம் இல்லாமல் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்துபவன். எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிதி திரட்டும் நாட்களில் வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் பரிசுப் பொருளைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். உரைகளின் தொகுப்பு, புத்தகம், பை, சில இடங்களில் மருத்துவம் என்ற பெயரில் எதையெதையோ. எந்தப் பேச்சுக்குத் தொலைபேசி அதிகமாக ஒலிக்கிறதோ அந்தப் பேச்சு மறுநாளும் ஒலிபரப்பாகும். நாளடைவில், நிலையம் எதற்காக இருக்கிறதோ அதைக் கேட்க வந்தவர்கள் விலகி, பரிசுக்காகப் பணம் கொடுப்பவர்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களும் அடுத்த ஆண்டு வருவதில்லை. அனுப்பாமல் கிடக்கும் பரிசுகளும் ஒரு கடன்தான், ஆனால் எந்த அறிக்கையிலும் அது கடனாகத் தெரியாது. பத்து மாதம் ஆகியும் புத்தகம் வரவில்லை என்று நேயர் ஒருவர் நேரலையில் என்னைக் கேட்டபோது, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இசைத்தட்டைப் போட்டேன்.

நீங்கள் கேட்க வேண்டிய எண், மொத்த வசூல் அன்று. மாதந்தோறும் தாமாகவே பணம் வரும்படி ஏற்பாடு செய்தவர்கள் எத்தனை பேர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண் ஏறினால் நிதி திரட்டும் நாட்களைக் குறைக்கலாம். குறைத்தால் நேயர் திரும்புவார்.

குழு உறுப்பினர்களில் எங்களை நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மடக்கி, எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்.

இரவு_நேயர்:

மூவருக்கும் நன்றி. ஓர் உண்மையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சியைச் சென்ற ஆண்டு நிறுத்திவிட்டார்கள். உறக்கம் வராத பல ஆண்டுகளை நான் அந்தக் குரலோடுதான் கடந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே நான் நிற்க நினைத்ததற்கு முதல் காரணம். அறிக்கையின் முதல் பத்தியும் அதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பொருளாளர் சொல்வதைப் பார்த்தால், அதை எழுதவே கூடாது போலிருக்கிறது.

பழைய_பொருளாளர்:

எழுதலாம், அதைக் காரணமாகச் சொல்லுங்கள், வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். அந்த நிகழ்ச்சி திரும்ப வராமலேயே மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய உங்களால் முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் நிற்க வேண்டாம். என்னோடு குழுவில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏதோ ஒரு நிகழ்ச்சியைக் காக்கவோ ஒழிக்கவோ வந்தவர்கள். வரவு செலவுத் திட்டத்தைப் பேச ஒதுக்கிய கூட்டத்தில், அந்த நிகழ்ச்சிகளைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் திட்டத்தைக் கைதூக்கி நிறைவேற்றினோம்.

காப்பகக்_காதலர்:

பொருளாளரின் அனுபவத்தை மதிக்கிறேன். அவருடைய முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. குழு பணத்தையும் உரிமத்தையும் மட்டும் பார்க்க வேண்டும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. நேயர்கள் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பசிஃபிகாவில் எப்படிப் பெற்றார்கள் என்பதைப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும்.

லூயிஸ் ஹில் 1946-இல் பசிஃபிகாவை நிறுவினார்; 1949 ஏப்ரலில் அதன் முதல் நிலையமான கே.பி.எஃப்.ஏ. பெர்க்லியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மறு ஆண்டே பணமில்லாமல் நின்றுபோனது. நேயர்கள் பணம் திரட்டி 1951-இல் மீண்டும் பேச வைத்தார்கள். நிலையத்துக்குள் மூண்ட சண்டையில் 1953-இல் ஹில்லே விலக நேர்ந்து, அடுத்த ஆண்டுதான் திரும்பினார். ஆக, குழுச் சண்டை என்பது நேயர்களுக்கு வாக்குரிமை வந்த பின் முளைத்த நோய் அல்ல.

1990-களின் இறுதியில் பசிஃபிகாவின் தேசியக் குழுவை நேயர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவே தன் உறுப்பினர்களை நியமித்துக்கொண்டது. அவர்களும் தாங்கள் உரிமத்தையும் பணத்தையும் காப்பதாகத்தான் சொன்னார்கள். 1999-இல் கே.பி.எஃப்.ஏ.யின் மேலாளரை நீக்கினார்கள். அதைப் பற்றி ஒலிபரப்பில் பேசத் தடை விதித்தார்கள். நிலையத்தை விற்பது பற்றிய குழு உறுப்பினர் ஒருவரின் மின்னஞ்சல் வெளியே கசிந்தது. ஜூலையில் ஊழியர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். வழக்குகள் 2001 டிசம்பரில் உடன்பாட்டில் முடிந்தன. 2003-இல் வந்த புதிய விதிகள்தான் மேலே வாக்கு_எண்ணி விவரித்த தேர்தலைக் கொண்டுவந்தன.

விற்கும் எண்ணம் எதனால் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் எஃப்.எம். பட்டையின் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிக நோக்கில்லாத நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. கே.பி.எஃப்.ஏ. இருப்பது 94.1-இல், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. இருப்பது 99.5-இல். இரண்டும் வணிகப் பட்டைக்குள் இருப்பதால் அந்த இடத்துக்குச் சந்தையில் பெருமதிப்பு உண்டு. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு, நிலையம் ஒலிபரப்பாமல் இருப்பதே இலாபம் என்று தோன்றிவிடும். நள்ளிரவுக் குரலுக்காக நிற்கும் ஒருவர் குழுவில் இருப்பது அந்த எண்ணத்துக்கு ஒரு தடை. இரவு_நேயர் தன் முதல் பத்தியை அடிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பழைய_பொருளாளர்:

1999-ஐ நானும் மறக்கவில்லை. அந்தக் குழு செய்தது காவல் அல்ல, அபகரிப்பு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டபிள்யூ.பி.ஏ.ஐ.யின் ஒலிபரப்பு ஆன்டெனா நெடுங்காலம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வாடகை ஆண்டுதோறும் ஏறும்படி ஒப்பந்தம். நேயர் எண்ணிக்கை இறங்க, வாடகை ஏற, பாக்கி சேர்ந்துகொண்டே போனது. 2017-இல் நீதிமன்றம் 18 லட்சம் டாலருக்கு மேல் கட்டடத்தின் உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டபிள்யூ.பி.ஏ.ஐ. தனி நிறுவனம் அல்ல. ஐந்து உரிமங்களும் ஒரே அறக்கட்டளையின் பெயரில் இருக்கின்றன. நியூயார்க்கின் கடனுக்காக மற்ற நான்கு நகரங்களின் சொத்தும் ஆட்டம் கண்டது. 2018-இல் 30 லட்சம் டாலருக்கும் மேல் கடன் வாங்கித்தான் தப்பினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் தேசிய நிர்வாகம் டபிள்யூ.பி.ஏ.ஐ.யின் உள்ளூர் நிகழ்ச்சிகளை ஒரே நாளில் நிறுத்தி, ஊழியர்களை நீக்கி, வெளியிலிருந்து வந்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. வழக்குக்குப் பின், ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே உள்ளூர் ஒலிபரப்பு திரும்பியது.

இவையெல்லாம் நேயர்கள் தேர்ந்தெடுத்த குழுக்கள் இருந்த காலத்தில் நடந்தவை. அந்தக் குழுக்களில் நல்ல குரல்களுக்காக நின்றவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? வாடகை ஒப்பந்தத்தின் ஏறுமுக விதியைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவைத்து, இதை நம்மால் கட்ட முடியாது, இப்போதே வேறு கோபுரம் தேடுவோம் என்று கூட்டந்தோறும் சலிக்காமல் சொல்லும் ஒருவர்தான் அங்கே தேவைப்பட்டிருப்பார். அவரை எல்லோரும் வெறுத்திருப்பார்கள்.

இரவு_நேயரே, உங்கள் நிலையத்தின் கோபுர ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது?

சந்தாதாரர்_எண்_மறந்தவர்:

தேர்தலே இல்லாமல் நன்றாக நடக்கும் நேயர் வானொலியும் உண்டு என்பதை நினைவூட்டுகிறேன். ஜெர்சி நகரத்தின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. முன்பு உப்சாலா கல்லூரியின் நிலையமாக இருந்தது. கல்லூரி 1995-இல் மூடப்படுவதற்குச் சற்று முன்பே, நிலையத்தை நடத்தியவர்கள் தனி அமைப்பு ஒன்றை நிறுவி உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் கல்லூரியோடு அதுவும் போயிருக்கும். இதையும் குழுவின் வேலைகளில் ஒன்றாகச் சேருங்கள்: தாய் நிறுவனம் சாய்வது தெரிந்தால், அது விழுவதற்கு முன்பே உரிமத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கூட்டக்_குறிப்பாளர்:

நேரம் எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. மாதம் ஒரு பொதுக் கூட்டம், குறைந்தது ஒரு துணைக்குழு, இடையே அவசரக் கூட்டங்கள், நாள்தோறும் மின்னஞ்சல்கள். நான் இருந்த குழுவில் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நிரலை ஏற்பதிலேயே போய்விடும். எதையும் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் பெறுங்கள், கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அரசு உதவியை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி, பொது நிலையங்களுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்தளித்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கான நிதியை, ஏறக்குறைய 110 கோடி டாலரை, 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழகமே தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பசிஃபிகாவோ, தணிக்கை தாமதமானதும் ஒரு காரணமாக, அந்த உதவியை அதற்கு வெகு முன்பே இழந்திருந்தது.

இரவு_நேயர்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கணக்குகளைக் கேட்டு நிலையத்துக்கு எழுதினேன். உறுப்பினர் என்ற முறையில் கேட்கிறேன் என்று கூட்டக்_குறிப்பாளர் சொன்னபடி எழுத்திலேயே கேட்டேன். கடைசித் தணிக்கை நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது; அது வந்துவிட்டது. மாதச் சந்தாதாரர்களின் எண்ணிக்கையும் வந்தது: ஐந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கோபுர ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மீண்டும் கேட்டபோது, அது யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதாக அலுவலகத்திலிருந்து ஒருவர் மிகுந்த மரியாதையோடு எழுதினார்.

நள்ளிரவு நிகழ்ச்சியின் தொகுப்பாளரையும் தொலைபேசியில் தேடிப் பிடித்தேன். யாரும் தன்னை நிறுத்தவில்லை என்றார். இரவில் கட்டடத்தைத் திறந்து வைக்கவும் கருவியைக் கவனிக்கவும் இருந்த ஒரே ஊழியரின் பணியிடம் நீக்கப்பட்டதால், தாமாகவே விட்டுவிட்டாராம். குழுவில் இதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை என்றும், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக அது போய்விட்டது என்றும் சொன்னார்.

காப்பகக்_காதலர் சொன்னபடி முதல் பத்தியை அடிக்கவில்லை. அதன் கீழே அந்த ஒரு வரியை, திட்டத்தில் உள்ள தொகையோடு, அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தி கோபுர ஒப்பந்தத்தைப் பற்றியது. எந்த அணியையும் குறிப்பிடவில்லை. இப்போது 430 சொற்கள் ஆகியிருக்கின்றன. கையொப்பங்கள் பதினொன்று சேர்ந்துவிட்டன. மீதி நான்குக்கு, சனிக்கிழமை நிதி திரட்டலில் தொலைபேசி எடுக்கும் தன்னார்வலர்களிடம் போகிறேன். ஒலிவாங்கி, அனுப்பாமல் கிடக்கும் பரிசுகளின் பட்டியலை உங்கள் நிலையத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? எங்களிடம் யாரைக் கேட்பது என்பதை அதை வைத்து ஊகித்துக்கொள்கிறேன்.

ஒலிவாங்கி:

அஞ்சல் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். நாற்பது பக்கத்துக்கு மேல் தடித்திருந்தால் மனுத் தாக்கலுக்கு முன்பே பொருளாளரிடம் காட்டுங்கள்.